ஜெனட்டைச் சுட்டுப் பாடம் பண்ணுவதா, இரவில் உட்கார்ந்து பார்ப்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு மாற்றலாகிப் போயிருக்கும் தம்பி ஒருவன், முன்பு என்னோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவன், போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு விலைப்பட்டியல் அனுப்பினான். லிம்போப்போ மாகாணத்தில் இருக்கும் ஒரு வேட்டைப் பண்ணையின் பட்டியல். குடு, இம்பாலா என்ற மான் வகைகள், வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி என்று வரிசையாக விலை போட்டு, கடைசிக்கு முந்தின வரியில் 'ஜெனட் பூனை' என்றும் இருந்தது. மற்ற விலங்குகளோடு பார்த்தால் சொற்ப விலைதான். "அண்ணே, கூட வேலை பார்க்கிறவர்கள் இம்பாலா வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், எனக்குப் பெரிய கொம்பெல்லாம் வேண்டாம், இந்தச் சின்னதைப் பாடம் பண்ணி ஹாலில் வைத்தால் அழகாக இருக்குமே, இல்லை அதே காசுக்கு வனவிலங்குப் பார்க்கில் இரண்டு மூன்று இரவு தங்கிவிடலாமா, நீங்கள் அங்கே இருந்தவர்தானே, சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தான்.

டர்பன் இருக்கும் க்வாஸூலு-நட்டால் மாகாணத்தில் ஏழு வருஷம் இருந்தேன். ஜெனட்டை உயிரோடும் பார்த்திருக்கிறேன், பலகையில் ஆணி அடித்து நிறுத்தியும் பார்த்திருக்கிறேன். அவனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது, இதே யோசனையில் வேறு யாராவது இருக்கலாம் என்று கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுட வேண்டாம். பாவம் பார்த்து மட்டும் சொல்லவில்லை. ஜெனட்டிடம் நமக்கு எது பிடிக்கிறதோ அது பாடம் பண்ணும்போது முதலில் போய்விடுகிறது. காசு கொடுத்து, காகிதங்களோடு அலைந்து, ஒரு வருஷம் காத்திருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது அது போன பிறகு மிச்சம் இருக்கும் தோலை.

பட்டியலில் பூனை என்று போட்டிருந்தாலும் ஜெனட் பூனை கிடையாது. நம் ஊர்ப் புனுகுப்பூனையும் மரநாயும் எந்தக் குடும்பமோ, அந்தக் குடும்பம். மரநாயை ஓட்டின் மேல் பார்த்திருப்பவர்கள் அதை இன்னும் மெல்லிசாக்கி, கால்களைக் குட்டையாக்கி, உடம்பு முழுக்கச் சிறுத்தைப் புள்ளி வைத்து, உடம்பின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட அதே நீளத்தில் வளையம் வளையமாக ஒரு வாலை ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. தலையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அரை மீட்டர்தான். ஸூலு மக்கள் இன்சிம்பா என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் பேசப்படுபவை இரண்டு: சின்னப் புள்ளி ஜெனட்டுக்கு முதுகுத்தண்டு நெடுக நீளமான கறுப்பு மயிர் சிலிர்த்து நிற்கும், வால் நுனி வெள்ளை, பெரிய புள்ளி ஜெனட்டுக்கு அந்தச் சிலிர்ப்பு இருக்காது, வால் நுனி கறுப்பு. தெற்குக் கரையை ஒட்டிக் கேப் ஜெனட் என்று இன்னொன்றும் உண்டு. ஆப்பிரிக்கா முழுக்கச் சேர்த்தால் 15 இனங்கள் பக்கம் வரும். தம்பி அனுப்பிய பட்டியலில் எது என்று போடவில்லை, வெறும் ஜெனட் பூனை. என்ன விலங்கு என்றுகூடச் சொல்லாமல் விலை போடுகிறார்கள் என்பதே எனக்கு முதல் உறுத்தல்.

சரி, உயிரோடு இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன், நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

நான் முதலில் பார்த்தது ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி சரணாலயத்தில் தங்கியிருந்த குடிலின் வாசலில். கூரை புல் வேய்ந்தது, கீழே ஒரு மரத்தூண். சாப்பிட்டு முடித்துத் தணல் அணைந்துகொண்டிருந்தது. கூரையின் ஓரத்தில் ஏதோ வழிந்தது, அப்படித்தான் சொல்ல வேண்டும், தண்ணீர் வழிவது மாதிரி ஒரு நீளமான உருவம் தலைகீழாகத் தூணில் இறங்கி, தரையைத் தொடுவதற்கு முன்பே நின்று, பின்னங்கால்களால் தூணைப் பிடித்தபடி முன்னுடம்பைக் காற்றில் நீட்டி எங்களைப் பார்த்தது. வால் தனியாக வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது, இடதும் வலதும் மெதுவாகப் போய் எடையைச் சமன் செய்தபடி. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள், அவ்வளவுதான், அது ஓடியதாகக்கூடத் தெரியவில்லை, இருந்த இடத்தில் இல்லை.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு முறையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு புது விஷயம் கிடைக்கும். புல்லுக்கு மேல் பார்க்க வேண்டுமென்றால் கீரி மாதிரி பின்னங்காலில் எழுந்து நிற்கும். தன் வாசனையை உயரத்தில் தடவ வேண்டுமென்றால் முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி, உடம்பைத் தலைகீழாகத் தூக்கி, பின்பக்கத்தை மரத்தில் அழுத்தும். கையில் நிற்கும் பையன் மாதிரி. தலை நுழையும் இடத்தில் உடம்பும் நுழையும், அந்த அளவுக்கு ஒடுக்கமானது. எலி, பறவை, பல்லி, தேள், வண்டு, பழம் எல்லாம் சாப்பிடும். கோழிக்கூண்டுக்குள்ளும் புகும், அதனால் பண்ணைக்காரர்களிடம் அடியும் படும். 2014இல் இதே ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசியில் வைத்த தானியங்கிக் கேமராக்களில் ஒரு பெரிய புள்ளி ஜெனட் எருமையின் முதுகிலும் காண்டாமிருகத்தின் முதுகிலும் சவாரி போனது பதிவாகி உலகம் முழுக்கச் சுற்றியது. எருமை நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளுக்காக இருக்கலாம், உயரத்திலிருந்து பார்ப்பதற்காகவும் இருக்கலாம். இரண்டு கிலோ விலங்கு ஒன்று காண்டாமிருகத்தின் மேல் உட்கார்ந்து இரவில் போகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது.

இப்போது பாடம் பண்ணியதற்கு வருகிறேன். டர்பனுக்கு வெளியே ஒரு வீட்டில் விருந்துக்குப் போயிருந்தபோது பார்த்தது. காய்ந்த கிளை ஒன்றைச் சுவரில் பதித்து, அதன்மேல் ஜெனட்டை நிறுத்தி, வாயைப் பிளந்து பல்லெல்லாம் தெரிய வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பெருமையாகத்தான் காட்டினார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கண் போனது வாலுக்கு. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள், விறைப்பாக ஒரே வளைவில் நின்றது. ஜன்னல் பக்கம் இருந்த பாதி வெளுத்து, கறுப்பு வளையங்கள் காப்பித்தூள் நிறமாகியிருந்தன. ஒரு காது ஓரம் மடிந்து காய்ந்துவிட்டது. மீசை மயிர் ஒரு பக்கத்தில் மூன்று, இன்னொரு பக்கத்தில் இல்லை.

செய்தவரின் திறமைக்குறைவு என்று விட்டுவிட முடியாது, ஜெனட்டே பாடம் பண்ணுவதற்குக் கஷ்டமான விலங்கு. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் புரியும். தோலை உரித்து, உப்புப் போட்டு, பதப்படுத்தி, பாலியூரித்தேன் நுரையில் வார்த்த ஓர் உடலின் மேல் இழுத்துப் போர்த்தித் தைப்பார்கள். கண்ணாடிக் கண், இமையைச் சுற்றிக் களிமண், காதுக்குள் மெல்லிய தகடு. குடுவுக்கும் இம்பாலாவுக்கும் அளவு வாரியாக அச்சு தயாராகக் கிடைக்கும். ஜெனட்டுக்குச் சுலபத்தில் கிடைக்காது, வேறு ஏதாவது சின்ன விலங்கின் அச்சை வெட்டி ஒட்டிச் சமாளிப்பதும் உண்டு, அதனால்தான் பல இடங்களில் ஜெனட் நரி மாதிரியோ வீட்டுப் பூனை மாதிரியோ தோள் உயர்ந்து நிற்கிறது. தோல் மெல்லிசு, காது தாள் மாதிரி. வாலை நுனி வரைக்கும் கீறிச் சதையை எடுக்காவிட்டால் உள்ளே அழுகி மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். வெப்பமான ஊரில் இரவு சுட்டுவிட்டுக் காலை வரைக்கும் வண்டியிலேயே போட்டு வைத்தால், பாடம் பண்ணுபவர் கைக்கு வருவதற்கு முன்பே பாதி கெட்டுவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அப்புறம் அந்துப்பூச்சியும் தோல் தின்னும் வண்டும் இருக்கின்றன, நம் ஊர் ஈரத்தில் கேட்கவே வேண்டாம்.

பிளந்த வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பார்த்த அத்தனை முறையிலும் ஒரு ஜெனட்கூட வாயைப் பிளந்து சீறியதில்லை. மாட்டிக்கொண்டால் சீறும், எந்த விலங்கும் சீறும். சுவரில் நிற்பது அதன் சுபாவம் இல்லை, மாட்டிக்கொண்ட அந்த ஒரு கணம். கூச்சமும் ஆர்வமுமாகக் கழுத்தை நீட்டிப் பார்க்கும் ஒரு பிராணியைக் கோபக்காரனாக நிரந்தரமாக நிறுத்தி வைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

சுடுவது எப்படி என்று தம்பிக்குத் தெரியாது, அவன் கேட்கவும் இல்லை, ஆனால் முடிவு எடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். பகலில் ஜெனட் வெளியே வராது. இரவில் வண்டியில் போய் ஸ்பாட்லைட் அடித்து, மரத்தில் மின்னும் கண்களைத் தேடி, வெளிச்சத்தில் திகைத்து நிற்கும்போது சுடுவார்கள். இரவில் விளக்கு வைத்துச் சுடுவதற்கு மாகாண அனுமதி தனியாக வேண்டியிருக்கும், அதைப் பண்ணைக்காரர் வைத்திருக்கிறாரா என்று கேட்காமல் போகக்கூடாது. இம்பாலாவுக்கு எடுத்துப்போகும் துப்பாக்கியால் இரண்டு கிலோ உடம்பைச் சுட்டால் பாடம் பண்ணுவதற்குத் தோலே மிஞ்சாது, சின்னக் குண்டு வேண்டும். அந்தத் தூரத்தில், அந்த வெளிச்சத்தில் ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. பெண்ணாக இருந்து மழைக்காலமாகவும் இருந்தால், எங்கோ ஒரு மரப்பொந்தில் இரண்டு மூன்று குட்டிகள் கண் திறந்தும் திறக்காமலும் கிடக்கலாம். ஆண் ஜெனட் குட்டி வளர்க்காது, தாய் வராவிட்டால் அவ்வளவுதான்.

ஒரு ஜெனட்டைச் சுட்டால் இனம் அழிந்துவிடுமா என்று கேட்டால், அழியாது. சின்னப் புள்ளி, பெரிய புள்ளி இரண்டுமே அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் உலகப் பட்டியலில் கவலைக்குரிய நிலையில் இல்லை. நைஜீரியா, கேமரூன் காடுகளில் இருக்கும் கொண்டை ஜெனட் மாதிரி சில இனங்களுக்குத்தான் உண்மையான ஆபத்து, அவற்றை எந்த வேட்டைப் பண்ணையும் பட்டியலில் போடுவதில்லை. வேட்டைக் கட்டணம் காட்டைக் காப்பாற்றுகிறது என்ற வாதத்தையும் நான் அப்படியே தள்ளவில்லை, தனியார் நிலத்தில் மாட்டுக்குப் பதிலாகக் குடு மேய்வதற்கு வேட்டைப் பணம் ஒரு காரணம். ஆனால் அந்தக் கணக்கில் ஜெனட்டுக்கு இடமில்லை. குடுவுக்கு வருபவர் போகிற போக்கில் சேர்த்துக்கொள்ளும் கொசுறு அது. அதன் கட்டணத்தை நம்பி யாரும் ஒரு ஏக்கர் காட்டை வைத்திருக்கப் போவதில்லை.

பாடம் பண்ணிய விலங்கே வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாடம் பண்ணிய விலங்குகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. ஜெனட் விஷயத்தில் தோல்களின் மதிப்பு இன்னும் பெரிசு. புள்ளியும் வளையமும் இனத்துக்கு இனம் லேசாக மாறும், ஒரே இனத்துக்குள்ளும் மாறும், அதனால் எது எந்த இனம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2003இல் பிலிப் கோபேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு புது ஜெனட் இனத்தை விவரித்தார், பூர்லோன் ஜெனட் என்று இப்போது சொல்கிறார்கள், அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்டது அருங்காட்சியகங்களில் இருந்த மாதிரிகளை. பெட்டிக்குள் இருந்த தோல்களுக்குள் ஒரு முழு இனம் பெயரில்லாமல் கிடந்திருக்கிறது! ஆனால் அந்தத் தோல்களோடு ஒரு சீட்டு இருக்கும், எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது என்று. வரவேற்பறை ஜெனட்டுக்குச் சீட்டு இல்லை. பத்து வருஷத்தில் அதை யாரிடமாவது கொடுக்க நினைத்தால் அருங்காட்சியகமும் ஆர்வமாக வாங்காது.

எப்போதோ பாடம் பண்ணிய பழைய ஜெனட் ஒன்றை வாங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். சுடுவதைவிட நூறு மடங்கு மேல், ஏற்கெனவே போன உயிர்தானே. ஆனால் பழசு என்றால் ஆர்சனிக் என்ற விஷம் இருக்கலாம். பூச்சி வராமல் இருக்கத் தோலின் உள்பக்கம் ஆர்சனிக் சோப்புத் தடவும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நீடித்தது. குழந்தைகள் இருக்கும் வீட்டில், தடவிப் பார்க்கத் தோன்றும் உருவத்தில், அது வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள், வெயில் படாத சுவரில். சாலையில் அடிபட்டுச் செத்ததை எடுத்துப் பாடம் பண்ணச் சொல்வதும் உண்டு, அதற்கும் மாகாணத்தில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஸூலு ஆண்கள் விழாக்களில் இடுப்பின் முன்பக்கம் அணியும் இசினெனேவில் ஜெனட் தோலையும் முறுக்கித் தொங்கவிடுவார்கள். ஜெனட்டைச் சாகடித்து அணிகிறார்களே, அது மட்டும் சரியா என்று தம்பியே கேட்டான். அதை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்க மாட்டேன். அது ஒரு சமூகத்தின் உடை, தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது, அதை மாற்றுவதா வேண்டாமா என்பது அவர்கள் பேச வேண்டியது. பேசவும் செய்கிறார்கள்: ஸூலு மக்கள் நிறையப் பேர் இருக்கும் ஷெம்பே திருச்சபையில் சிறுத்தைத் தோலுக்குப் பதில் செயற்கைத் தோல் போர்வையை ஆயிரக்கணக்கானவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து போன நமக்கு அந்தத் தேவையும் இல்லை, அந்த அர்த்தமும் இல்லை.

செலவுக் கணக்கு. சுடும் கட்டணம், பண்ணையில் தங்கும் கட்டணம், வழிகாட்டியின் சம்பளம், பாடம் பண்ணும் கூலி, இவையெல்லாம் சேர்ந்தால் பட்டியலில் போட்ட சின்னத் தொகை பல மடங்காகும். சின்ன விலங்குக்குக் கூலியும் சின்னதாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது, நுணுக்கமான வேலை என்பதால் உடம்பின் அளவுக்கு ஏற்றபடி குறையாது. கையில் வர மாதக்கணக்கில் ஆகும், வருஷம் தாண்டுவதும் சகஜம். நாட்டை விட்டு எடுத்துப்போவதென்றால் மருந்தில் முக்கிப் பெட்டியில் அடைக்கும் வேலை, கால்நடைத் துறைச் சான்று, ஏற்றுமதித் தாள் எல்லாம் தனி. தம்பி இரண்டு மூன்று வருஷத்தில் ஊர் திரும்பப் போகிறவன். இந்தியாவுக்குள் காட்டு விலங்கின் தோலையும் உடம்பையும் முன் அனுமதி இல்லாமல் கொண்டுவர நினைக்கவே கூடாது, சுங்கத்தில் பெட்டியோடு நிற்க வேண்டியிருக்கும். அப்புறம் அதை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரு உயிரை எடுத்துவிட்டு, வீடு காலி செய்யும்போது பழைய சோபாவோடு அதையும் தள்ளிவிடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னேன்.

அதே பணத்துக்குப் பூங்காவில் மூன்று இரவு தாராளமாகத் தங்கலாம். குரூகர் தேசியப் பூங்காவில் இருட்டிய பிறகு சொந்த வண்டியில் சுற்ற முடியாது, முகாம் வாசல் மூடிவிடும். பூங்காவே நடத்தும் இரவு வண்டிகளில் இடம் போட வேண்டும், விடுமுறைக் காலத்தில் முன்கூட்டியே. சிங்கம் தேடும் கூட்டத்தோடு போனால் ஜெனட்டுக்காக வண்டி அதிக நேரம் நிற்காது, அதனால் ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லி வைக்க வேண்டும், சந்தோஷமாக நிறுத்துவார்கள். வண்டியைவிட நல்ல இடம் முகாமேதான். பெரிய மரங்கள் இருக்கும் ஓரத்துக் குடிலாகக் கேட்டு வாங்கி, சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஒன்பது மணியிலிருந்து வாசலில் சும்மா உட்கார வேண்டும். எலும்புத் துண்டு எறிந்து வரவழைக்கலாம் என்று பக்கத்துக் குடிலில் யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். மனிதனிடம் சாப்பாடு கிடைக்கும் என்று பழகிய விலங்கு சமையலறைக்குள் நுழையும், கடிக்கும், கடைசியில் அதைப் பிடித்து வேறு இடத்தில் விடுவார்கள், இல்லை கொன்றுவிடுவார்கள்.

மூன்று இரவிலும் வராமலே போகலாம். உறுதி கிடையாது, இதுதான் இந்தப் பக்கத்தின் ஒரே குறை. சுடும் பண்ணையிலும் உறுதி கிடையாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு தகவல். பாரிஸிலோ லண்டனிலோ இருந்துகொண்டு ஜெனட்டுக்காக ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. சின்னப் புள்ளி ஜெனட் ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ் மலைக்காடுகளில் இருக்கிறது, வட ஆப்பிரிக்காவிலிருந்து எப்போதோ மனிதர்கள் கொண்டுவந்து விட்டதாகத்தான் கருதுகிறார்கள். பாறை உச்சியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும் பழக்கம் அதற்கு உண்டு, மலையேறுபவர்கள் அதை வைத்தே அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

ஹாலில் வைக்க ஏதாவது வேண்டும் என்ற ஆசை மட்டும் பாக்கி. அதைக் கேலி செய்ய மாட்டேன், போய்வந்த இடத்தின் ஞாபகம் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றும். என் வீட்டில் இருப்பது ஒரு தானியங்கிக் கேமராப் படம். தெரிந்தவர் ஒருவரின் கரும்புத் தோட்டத்து ஓரம், அவர் அனுமதியோடு, கேமராவை மரத்தில் கட்டி ஐந்து வாரம் விட்டிருந்தேன். நாலு வாரம் முள்ளம்பன்றியும் காற்றில் ஆடும் புல்லும்தான். ஐந்தாம் வாரம் ஒரே ஒரு சட்டகத்தில், அதிகாலை 2.40க்கு, இடது ஓரத்திலிருந்து பாதி உடம்பு உள்ளே வந்திருக்கிறது, வால் இன்னும் சட்டகத்துக்கு வெளியே, ஒரு முன்னங்கால் தூக்கியபடி. கறுப்பு வெள்ளை, லேசாக அசைந்திருக்கிறது. கேன்வாஸில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் என்ன விலங்கு என்று கேட்பார்கள், அதைச் சாக்காக வைத்து எனக்கு அரைமணி நேரம் பேசக் கிடைக்கும்.

தம்பி வேட்டைக்குக் கூப்பிட்டவர்களிடம் இம்பாலாவுக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டானாம், அது அவனுடைய முடிவு, நான் இம்பாலாவைப் பற்றிப் பேசவே இல்லை. செப்டம்பர் கடைசியில் ஹ்லுஹ்லுவேயில் மூன்று இரவு போட்டிருக்கிறான், மனைவியும் பையனும் கூடப் போகிறார்கள். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டச் சொல்லியிருக்கிறேன், வெள்ளை வெளிச்சத்தைவிட அதற்கு விலங்குகள் குறைவாக மிரளும். முக்கியமாக, பையன் தூங்கிவிட்டாலும் பத்தரைக்கு ஒரு தடவை எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.